பொது ஈரநிலங்களில் வாத்து வேட்டை: ஆட்களைக் குறைப்பதா, நேரத்தைக் குறைப்பதா, இடத்தை ஒதுக்குவதா?

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அமெரிக்காவின் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் உள்ள பெயர்பெற்ற பொது ஈரநிலம் எதற்கேனும் அதிகாலை 4 மணிக்குப் போய்ப் பார்த்தால், வண்டி நிறுத்துமிடம் அதற்குள் நிரம்பியிருக்கும். படகு ஏற்றிய இழுவண்டிகள் வரிசைகட்டி நிற்கும். தலைவிளக்குகளின் வெளிச்சத்தில், பறவைகளை ஏமாற்றி வரவழைக்க நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகள் திணித்த வலைப்பைகள் கைமாறும். படகின் முனையில் உட்கார்ந்திருக்கும் லேப்ரடார் நாய் குளிராலும் ஆவலாலும் நடுங்கிக்கொண்டிருக்கும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாகச் சுடத் தொடங்கலாம் என்பது சட்டம். ஆகவே அந்த நிமிடம் வருவதற்குள் நீர்ப்பரப்பின் வளைவுக்கு வளைவு ஒரு குழு பதுங்கிவிடும். முதல் வெடிச் சத்தம் கேட்டதும், இரவெல்லாம் அங்கே மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் கூட்டங்கூட்டமாக எழும்பி, இரண்டு மூன்று முறை வட்டமிட்டு, வேட்டைக்கு மூடப்பட்ட நீரை நோக்கிப் போய்விடும். பொழுது சாயும்வரை அங்கிருந்து அசையமாட்டா. காலை 9 மணிக்கெல்லாம் ஆட்கள் பொம்மைகளை அள்ளத் தொடங்குவார்கள். இந்த ஆண்டு வாத்தே வரவில்லை என்பதுதான் திரும்பும் வழியெல்லாம் பேச்சாக இருக்கும். வாத்துகளோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தலையை முதுகுச் சிறகில் செருகித் தூங்கிக்கொண்டிருக்கும்.

வேட்டை அழுத்தம் என்று ஈரநில நிர்வாகிகள் சொல்வது பெரும்பாலும் இந்த நிலைமையைத்தான். சுட்டு வீழ்த்தப்படும் பறவைகளின் எண்ணிக்கை அதில் ஒரு பகுதி மட்டுமே. எஞ்சியது முழுவதும் தொந்தரவு: படகுச் சத்தம், வெடிச் சத்தம், ஆள் நடமாட்டம், அவற்றால் பறவைகள் உணவை விட்டு எழும்புவது, பகல் மேய்ச்சலை இழப்பது, பறப்பதில் கொழுப்பை எரிப்பது. குளிர்காலத்தை மெலிந்த உடலோடு கழிக்கும் பெட்டை வாத்து, வசந்தத்தில் வடக்கே திரும்பிக் கூடு கட்டும்போது அந்தக் குறையையும் சுமந்துகொண்டே போகிறது. ஆகவே ஒரு பொது ஈரநிலத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள், பறவைகளின் உயிரிழப்பைக் குறைக்க முயல்கிறோமா அல்லது அவற்றின் அலைக்கழிப்பைக் குறைக்க முயல்கிறோமா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் கருவிகள் வேறு. ஒன்றுக்கு உரிய கருவியை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதால்தான் பல இடங்களில் விதிகள் கூடிக்கொண்டே போகின்றன. பலன் மட்டும் கூடுவதில்லை.

எந்தக் கருவி யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1916-இல் கனடாவுக்காக பிரிட்டனுடன் செய்துகொண்ட ஒப்பந்தமும், அதை நடைமுறைப்படுத்திய 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டமும் வேட்டைப் பருவத்துக்கு மூன்றரை மாத உச்சவரம்பு விதித்தன. இன்றைய கணக்கில் அது 107 நாட்கள். 1995 முதல் பின்பற்றப்படும் தகவமைப்பு முறையில், மல்லார்டு உள்ளிட்ட வாத்துகளின் இனப்பெருக்கக் கணக்கெடுப்பையும் வாழிட நிலையையும் பார்த்து, கூட்டரசின் மீன் மற்றும் வனவுயிர்ப் பணித்துறை நாட்டை நான்காகப் பிரித்த வலசைப் பாதைகள் ஒவ்வொன்றுக்கும் பருவ நீளத்துக்கும் நாள் வரம்புக்கும் சட்டகம் வகுக்கிறது. தாராளப் பருவங்களில் பசிபிக் பாதைக்கு 107 நாட்கள், மத்தியப் பாதைக்கு 74, மிசிசிப்பி, அட்லாண்டிக் பாதைகளுக்கு 60 என்பது வழக்கம். மாநிலங்கள் அந்தச் சட்டகத்துக்குள் தேதிகளைத் தேர்ந்துகொள்கின்றன. தனியொரு ஈரநிலத்தின் நிர்வாகியின் கையில் எஞ்சுவன: எத்தனை பேர், எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எவ்வகைப் படகு, எத்தனை தோட்டா, எங்கே எவ்வளவு தண்ணீர். இந்தக் கட்டுரை ஒப்பிடுவது இவற்றை மட்டுமே.

நாள் வரம்பை, அதாவது ஒருவர் ஒரு நாளில் சுடக்கூடிய வாத்துகளின் எண்ணிக்கையை, ஏன் குறைக்கக் கூடாது என்ற கேள்வி ஒவ்வொரு கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் எழுகிறது. பெரும்பாலான பாதைகளில் ஆறு, பசிபிக் பாதையில் ஏழு என்பது அண்மைப் பருவங்களின் வரம்பு. நெரிசல் மிக்க பொது நிலத்தில் வேட்டையாடும் ஒருவர் பெரும்பாலான நாட்களில் அந்த எண்ணிக்கையை நெருங்குவதே இல்லை. இரண்டு வாத்தோடு திரும்புகிறவருக்கு ஆறை நான்காக்கினால் எதுவும் மாறாது. அவர் எழுப்பும் சத்தமும் குறையாது. வரம்பு எட்டிவிட்டால் ஆட்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள் என்ற வாதத்தில் சிறிது உண்மை இருக்கிறது என்றாலும், அது வாத்து நிறைந்த நாட்களுக்கு மட்டுமே பொருந்தும். அழுத்தம் உண்மையான சிக்கலாக இருப்பதோ வாத்து கண்ணில் படாத நாட்களில். நாள் வரம்பு ஒட்டுமொத்த இனத்தொகையைக் காக்கும் கருவி. ஒரு சதுப்பின் அமைதியைக் காக்கும் கருவியாக அதை நான் கருதவில்லை.

அடுத்தது ஆட்களின் எண்ணிக்கை. பொதுமக்கள் மனத்தில் அழுத்தம் என்றாலே கூட்டம்தான் என்பதால், குலுக்கல் வைத்து ஆட்களைக் குறைப்பது இயல்பான முதல் யோசனையாகிறது. அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். பக்கத்துக்கு இரண்டு கிலோமீட்டர் உள்ள சதுரமான ஈரநிலம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பரப்பு 400 ஹெக்டேர். ஒரு வேட்டைக் குழு சுடும்போது அதைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் வாத்துகள் எழும்பிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78 ஹெக்டேர். அதாவது ஐந்தே குழுக்கள் பரவலாக உட்கார்ந்தால், முழு ஈரநிலத்துக்கும் ஈடான பரப்பில் பறவைகள் நிம்மதியாக இருக்க முடியாது. இருபத்தைந்து குழுக்கள் வந்துகொண்டிருந்த இடத்தில் பதினைந்தாகக் குறைத்தால், வேட்டைக்காரர்களுக்கு நிச்சயம் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஒருவர் வரவழைக்கும் வாத்தை மற்றவர் எட்டாத உயரத்திலேயே சுட்டுக் கலைக்கும் சண்டை குறையும். வாத்தின் கணக்கில் மட்டும் பெரிய மாற்றம் இராது. எண்ணிக்கையைப் பாதியைவிடக் கீழே கொண்டுவந்தாலும் நிலைமை அதுவே. ஆட்குறைப்பு முதன்மையாக மனிதர்களின் அனுபவத்துக்கான மருந்து என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

அதை ஏளனமாகச் சொல்லவில்லை. மனிதர்களின் அனுபவமும் பொது நிலத்தின் நோக்கங்களில் ஒன்றுதான். 1934-இல் ஒரு டாலர் விலையில் தொடங்கி, 2015 முதல் 25 டாலராக இருக்கும், வாத்து முத்திரை எனும் கூட்டரசு வேட்டை அனுமதி முத்திரையை 16 வயது நிரம்பிய ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டைக்காரரும் வாங்கியே ஆக வேண்டும். அந்தப் பணத்தில் டாலருக்கு 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் செலவாகிறது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய வரியும் மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்கே போகிறது. இப்படிப் பணம் கட்டிய ஒருவரிடம், இந்தப் பருவத்தில் உங்கள் பெயர் குலுக்கலில் விழவில்லை என்று சொல்வது சிறிய விஷயமன்று. தனியார் வேட்டைச் சங்கத்தில் சேரவோ வயல் குத்தகைக்கு எடுக்கவோ வசதியுள்ளவருக்கு அது ஓர் ஏமாற்றம், அவ்வளவுதான். வசதி இல்லாதவருக்கு வேட்டையே அதோடு முடிந்தது.

ஆகவே குலுக்கல் வைப்பதென்றால், எப்படி வைப்பது என்பதில் கவனம் வேண்டும். மிசௌரி மாநிலத்தின் பராமரிக்கப்படும் ஈரநிலங்களில் முன்பதிவுக் குலுக்கலோடு, முன்பதிவு இல்லாமல் விடியற்காலையில் நேரில் வந்து நிற்பவர்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த வரிசையை வேட்டைக்காரர்கள் 'ஏழைகளின் வரிசை' என்றே அழைக்கிறார்கள். கலிபோர்னியாவிலும் முன்பதிவு, முந்தைய இரவுக் குலுக்கல், வந்த முறைப்படி நிற்கும் வரிசை என்று அடுக்கடுக்கான ஏற்பாடு இருக்கிறது; கடைசியாகச் சொன்னதற்கு 'வியர்வை வரிசை' என்று பெயர். இப்பெயர்களிலேயே அவற்றின் குறையும் நிறையும் தெரிகின்றன. நேரில் வரும் வரிசை, இரவுத் தூக்கத்தைத் தியாகம் செய்யத் தயாரானவருக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. தொலைவிலிருந்து வருபவருக்கும், மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவருக்கும் அதே கதவு மூடிக்கிடக்கிறது. இணையக் குலுக்கல் அலைச்சலைக் குறைக்கிறது. ஆனால் போக எண்ணமே இல்லாதவர்களும் ஒரு கை பார்க்கலாம் என்று விண்ணப்பிப்பதால், வெற்றி பெற்றவர் வராமல் மறைவிடம் காலியாகக் கிடக்கும் காலைகள் உண்டாகின்றன. இரண்டையும் கலந்து, வராதவரின் இடத்தை விடியுமுன் வரிசையில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தென் டகோடாவைப் போல வெளிமாநிலத்தவருக்கான உரிமங்களை மட்டும் குலுக்கலில் கட்டுப்படுத்துவதும் ஒரு வழி. உள்ளூர் ஆதரவு அதற்கு எளிதில் கிடைக்கும். ஆயினும் கூட்டரசு முத்திரைப் பணத்தில் வாங்கிய, ஒரு பகுதியில் வேட்டைக்கும் திறக்கப்படும் தேசிய வனவுயிர்ப் புகலிடம் ஒன்றில் அதைச் செய்வதற்கு நியாயம் குறைவு.

இனி நேரம். இதில் இரண்டு வகைகள் உண்டு: ஒவ்வொரு நாளும் நண்பகலோடு நிறுத்துவது ஒன்று, வாரத்தில் சில நாட்கள் முழுமையாக மூடுவது மற்றொன்று. ஆர்கன்சா மாநிலத்தின் பெரும்பாலான பொது வேட்டை நிலங்களில் நீர்ப்பறவை வேட்டை நண்பகலில் முடிகிறது. கருவாலி மரங்கள் நீரில் நிற்கும் அங்குள்ள தாழ்வனங்களில், மல்லார்டுகள் கருவாலிக் கொட்டைகளைத் தேடி மரங்களுக்கிடையே இறங்கும் காட்சி வாத்து வேட்டைக்காரர்களிடையே புகழ்பெற்றது. நண்பகலுக்குப் பிறகு அந்த மரநிழல் முழுவதும் பறவைகளுக்கே உரியதாகிறது. மிசௌரியின் பராமரிக்கப்படும் ஈரநிலங்களிலும் இல்லினாயின் பல பொது இடங்களிலும் பிற்பகல் 1 மணி எல்லை. டிசம்பரில் அந்த அட்சரேகைகளில் மாலை 5 மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். ஆக, நண்பகல் எல்லை ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பகல் அமைதியைப் பருவத்தின் எல்லா நாட்களிலும் உறுதிப்படுத்துகிறது. யாருடைய வேட்டை நாளும் பறிபோவதில்லை. யாரையும் வாசலில் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. காவலர் நடைமுறைப்படுத்துவதும் எளிது, ஏனென்றால் நண்பகலுக்குப் பிறகு கேட்கும் எந்த வெடியும் விதிமீறலே. பள்ளி முடிந்தபின் மாலையில் பிள்ளையை அழைத்துப்போக நினைக்கும் பெற்றோருக்கு அது இழப்பு. அத்தகையோருக்காகப் பருவத்தில் சில மாலைகளைத் தனியே ஒதுக்கிக்கொடுக்கலாம். அதற்காக விதியையே கைவிட வேண்டியதில்லை.

முழு ஓய்வு நாட்களின் கணக்கு சிக்கலானது. கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ பள்ளத்தாக்குப் புகலிடங்களிலும் அதையொத்த மாநில நிலங்களிலும் புதன், சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்கள் மட்டுமே வேட்டை. திங்களும் செவ்வாயும், வியாழனும் வெள்ளியும் பறவைகளுக்கு. இந்த முறை அங்கே நிலைத்ததற்கு ஒரு காரணம், சுற்றியுள்ள தனியார் சங்கங்கள் பலவும் அதே நாட்களில் சுடுவதை வழக்கமாக்கிக்கொண்டதுதான். பள்ளத்தாக்கின் பெரும்பகுதி ஒரே நாளில் அதிர்ந்து ஒரே நாளில் அடங்குகிறது. அப்படி இல்லாத வட்டாரத்தில், பொது நிலம் செவ்வாயன்று மூடியிருக்க, பக்கத்து வயல்களில் செவ்வாயன்று வெடி கேட்டுக்கொண்டிருந்தால், ஓய்வு நாள் அழுத்தத்தை வேலிக்கு அப்பால் நகர்த்துவதோடு நின்றுவிடும். மேலும் டென்மார்க்கில் 1980-களின் பிற்பகுதி முதல் நடந்த ஆய்வுகள் எச்சரிக்கையான பாடம் ஒன்றைத் தருகின்றன. அங்குள்ள ஆழமற்ற கடலோர நீர்நிலைகளில் வேட்டையற்ற பகுதிகளைச் சோதனையாக உருவாக்கியபோது, வேட்டைக்குரிய வாத்தினங்கள் அவற்றில் வெகுவாகப் பெருகின, நீண்ட காலம் தங்கவும் செய்தன. வேட்டையை நாட்கணக்கில் விட்டுவிட்டு நடத்துவது அதற்கு ஈடான பலன் தரவில்லை. இடைவெளி வாரக்கணக்கில் இருந்தால்தான் பயனுண்டு என்பது அந்த ஆய்வாளர்கள் எட்டிய முடிவு. தன்னை ஒருமுறை விரட்டிய இடத்தை வாத்து இரண்டு நாளில் மறப்பதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

டென்மார்க்கின் அனுபவம் நம்மை இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஈரநிலத்தின் ஒரு பகுதியைப் பருவம் முழுவதும் வேட்டைக்கு மூடிப் புகலிடமாக்குவது, மேற்சொன்ன எல்லாவற்றையும்விட அடிப்படையான முடிவு என்பது என் கருத்து. அமெரிக்காவில் இதற்குச் சட்ட முன்மாதிரியும் இருக்கிறது. முத்திரைப் பணத்தில், மீறவியலாப் புகலிடமாக வாங்கப்பட்ட தேசிய வனவுயிர்ப் புகலிட நிலங்களில், ஓர் இனத்துக்கு நன்மை பயக்கும் என்ற விதிவிலக்கு நீங்கலாக, எந்நேரத்திலும் 40 விழுக்காட்டுக்கு மேல் வலசைப் பறவை வேட்டைக்குத் திறக்கக் கூடாது என்று 1966-ஆம் ஆண்டின் புகலிட நிர்வாகச் சட்டம் சொல்கிறது. 1997-ஆம் ஆண்டின் சட்டம் வேட்டையை முன்னுரிமைப் பயன்பாடுகள் ஆறில் ஒன்றாக அங்கீகரித்தபோதும் அந்த வரம்பு கைவிடப்படவில்லை. அறுபது விழுக்காடு மூடிய நீர் என்பதைப் பல வேட்டைக்காரர்கள் தங்களிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே பார்க்கிறார்கள். அவர்களுடைய வருத்தத்துக்குக் காரணம் உண்டு. ஆனாலும் மூடிய நீர் இல்லாத ஈரநிலத்தில் பருவத்தின் இரண்டாம் வாரத்துக்குள் வாத்துகள் வட்டாரத்தையே விட்டு வெளியேறிவிடக்கூடும். அப்புறம் திறந்த நூறு விழுக்காட்டிலும் பொம்மை வாத்துகளே மிதந்துகொண்டிருக்கும்.

மேலே கற்பனை செய்த 400 ஹெக்டேருக்கு மறுபடி வருவோம். அதில் 60 விழுக்காடு, அதாவது 240 ஹெக்டேரை மூடுவதாக வைத்துக்கொள்வோம். அதை ஒரே துண்டாக, ஒரு முனையில் 1.2 கிலோமீட்டர் அகலமும் 2 கிலோமீட்டர் நீளமும் உள்ள பட்டையாக மூடினால், வேட்டைப் பகுதியை ஒட்டிய 500 மீட்டர் விளிம்பு தொந்தரவுக்கு உட்பட்டதுபோக, 140 ஹெக்டேர் உண்மையான அமைதியோடு மிஞ்சும். அதே 240 ஹெக்டேரை, எல்லாத் தரப்பையும் திருப்திப்படுத்துவதற்காக 60 ஹெக்டேர் வீதம் நான்கு சதுரங்களாகப் பிரித்து, சுற்றிலும் வேட்டைக்கு விட்டால், ஒவ்வொரு சதுரத்தின் பக்கமும் 775 மீட்டர்தான். அதன் நட்ட நடுவிலிருந்து எந்தப் பக்கத்து விளிம்புக்கும் 400 மீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் இரண்டும் ஒரே அளவு பச்சை நிறம் காட்டும். இரண்டாவதில் வாத்துக்கு அமைதியான இடம் ஓர் அங்குலமும் இல்லை. புகலிடத்தின் குறுக்களவு, அங்கு தங்கும் பறவைகளில் மிகவும் மிரளும் இனம் எழும்பும் தொலைவைப்போல் மூன்று மடங்கேனும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் பரிந்துரைத்ததன் பொருள் இதுவே. பேச்சுவார்த்தையில் புகலிடத்தின் பரப்பை விட்டுக்கொடுக்க நேரிட்டாலும், அதைத் துண்டாட மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நூறு ஹெக்டேர் குறைந்த ஒற்றைத் துண்டு, சிதறிய நான்கைவிட மேலானது.

புகலிடத்துக்கு எதிரான வலுவான வாதம் வேறொன்று. வாத்துகள் பகல் முழுவதும் மூடிய நீரில் கிடந்து, இருட்டிய பின்னரே வெளியே மேயப் போகின்றன என்றால், வேட்டைக்காரருக்கு என்ன மிச்சம்? மேற்கு டென்னசியில் மல்லார்டுகளின் உடலில் ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது தெரிந்ததும் இந்த வழக்கம்தான்: பகலில் புகலிடம், இரவில் வெளிமேய்ச்சல். இதைச் சொல்லிப் புகலிடங்களைச் சுருக்கக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் அந்தத் தரவு புகலிடத்தின் அளவைவிட உணவின் இருப்பிடத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறது. மூடிய பகுதியிலேயே விதைகள் நிறைந்திருந்து, ஆழம் குறைந்த நீரும் பருவம் முழுவதும் நின்றால், வாத்துக்கு வெளியே வர எந்தக் காரணமும் இல்லை. அங்கே ஓய்வுக்கு வேண்டிய திறந்த நீரும் ஓரளவு உணவும் வைத்து, செழிப்பான மேய்ச்சலைத் திறந்த பகுதிகளில் வைத்தால், அவை இரு பகுதிகளுக்கும் இடையே பறந்தாக வேண்டும். அந்தப் பறத்தல்தான் வேட்டைக்காரருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

இதைச் செய்வது மடைக்கதவு. மல்லார்டு, ஊசிவால் வாத்து, கிளுவை போன்ற மேல்நீர் மேயும் வாத்துகள் ஏறத்தாழ 10 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் வசதியாக மேயும். அதற்கு மேல் ஆழமானால் கழுத்தை நீட்டினாலும் அடிமண் எட்டாது. கோடையில் நீரை வடித்து, ஈர மண்ணில் குதிரைவாலியின் உறவான காட்டுப் புற்களும் நீர்மிளகுச் செடிகளும் முளைத்து விதைக்கும்படி விட்டு, இலையுதிர் காலத்தில் மறுபடி நீர் ஏற்றுவது அமெரிக்க ஈரநிலப் பராமரிப்பின் அன்றாட வேலை. அந்த நீரை எல்லாப் பாத்திகளிலும் அக்டோபரிலேயே நிரப்பிவிடாமல், மடைப்பலகைகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பருவம் நெடுகிலும் அங்குலம் அங்குலமாக உயர்த்தினால், ஒவ்வொரு வாரமும் புதிய விளிம்பு நனையும், புதிய விதைகள் மிதக்கும், முன்பு மிதிபடாத ஓரங்களுக்கு வாத்துகள் இறங்கும். எந்த விதியையும் கூட்டாமல், யாரையும் தடுக்காமல் அழுத்தத்தின் விளைவைத் தணிக்கும் ஒரே வழி இது. விவாதங்களில் இதுதான் கடைசியாக நினைவுக்கு வருகிறது. நீர் கையிருப்பில் இருக்கும் இடங்களுக்கே இது பொருந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1908-இல் நாட்டின் முதல் நீர்ப்பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட, கலிபோர்னியா-ஒரிகன் எல்லையில் உள்ள லோயர் கிளமத்திலும் அருகிலுள்ள டூல் ஏரியிலும் 2020-ஆம் ஆண்டு நீர் வற்றி, எஞ்சிய வெதுவெதுப்பான குட்டைகளில் பறவைகள் நெருக்கியடித்துக் கூடியபோது, போட்டுலிச நச்சால் சுமார் 60,000 பறவைகள் மாண்டன. மூடிய நீர் என்ற பெயர்ப்பலகை அங்கே எவ்விதத்திலும் காப்பாற்றவில்லை. தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லாத புகலிடத்தில் பறவைகளைக் குவிப்பது அவற்றுக்கே ஆபத்து.

எஞ்சிய சிறு கருவிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். தோட்டாக்களின் எண்ணிக்கையை வரையறுப்பது மலிவானது, நல்லது. கலிபோர்னியாவில் கட்டுப்பாடு மிகுந்த பகுதிகளில் ஒருவர் 25 தோட்டாக்களுக்கு மேல் களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. எண்ணிக் கொடுத்த தோட்டா கையில் இருக்கும்போது, 60 மீட்டர் உயரத்தில் பறக்கும் வாத்தை நோக்கி வீணாகச் சுட யாருக்கும் மனம் வராது. அடிபட்டுத் தப்பிச் செத்துப்போகும் பறவைகளும் குறையும். விசைப்படகுகளின் திறனை வரையறுப்பதும், இரவில் படகு இறக்கக்கூடிய நேரத்தை நிர்ணயிப்பதும் விடியலுக்கு முந்தைய பந்தய ஓட்டத்தை அடக்கும். பறவைகளின் இரவு மேய்ச்சலுக்கும் அது பாதுகாப்பு. மறைவிடங்களுக்கு நிலையான இடம் குறித்துக் கொடுப்பது சச்சரவைத் தவிர்க்கிறது. ஆனால் ஒரே புள்ளியிலிருந்து நாள்தோறும் வெடித்தால் வாத்துகள் அந்தப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு பறக்க விரைவிலேயே கற்றுக்கொள்கின்றன. ஆகவே குறியிட்ட இடங்களை வார வாரம் மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

இவை அனைத்தையும் எடைபோட்டு, ஒரு சராசரிப் பொது ஈரநிலத்துக்கு எந்த வரிசையில் முடிவெடுக்கச் சொல்வேன் என்றால், முதலில் ஒரே துண்டான புகலிடம். அதன் எல்லை பருவத்தின் நடுவில் எக்காரணம் கொண்டும் மாறக் கூடாது, வேட்டைக்காரர் மட்டுமல்லாமல் மீன்பிடிப் படகு, புகைப்படக்காரர், ட்ரோன் எதுவும் பருவம் முடியும்வரை உள்ளே போகக் கூடாது. வேட்டைக்காரரை வெளியே நிறுத்திவிட்டுப் படகுச் சவாரியை உள்ளே அனுமதிக்கும் புகலிடம் பறவைக்கும் பயன்படாது, வேட்டைக்காரரின் நம்பிக்கையையும் இழக்கும். இரண்டாவதாக, திறந்த பகுதியில் நண்பகல் எல்லையும் அதோடு படிப்படியான நீரேற்றமும். இம்மூன்றையும் இரண்டு மூன்று பருவங்கள் பொறுமையாக நடத்திப் பார்த்த பிறகும், மனிதர்களுக்குள் நெரிசலும் சச்சரவும் தொடர்ந்தால் மட்டுமே குலுக்கல். அப்போதும் பருவத் தொடக்க வாரம், விடுமுறை வாரம், சனி ஞாயிறு போன்ற நெரிசல் நாட்களுக்கு மட்டும். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து வண்டிகள் மட்டுமே நிற்கும் இடத்துக்கு முன்பதிவு எதற்கு? ஓய்வு நாட்களைச் சுற்றுவட்டார நில உரிமையாளர்களும் ஒப்புக்கொள்ளும் இடங்களில் மட்டும் பரிந்துரைப்பேன்.

ஈரநிலம் மிகச் சிறியதாக இருந்தால், 100 ஹெக்டேருக்கும் குறைவு என்று வைத்துக்கொண்டால், இந்த வரிசை தலைகீழாகும். அங்கே எந்தத் துண்டை மூடினாலும் அதற்கு அமைதியான மையம் என்று ஒன்று கிடைக்காது. அத்தகைய இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குழுக்களை மட்டும் குலுக்கலில் அனுமதித்து, வேட்டைக்கும் அடுத்த வேட்டைக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி விடுவதே சரி. இல்லையென்றால் அருகிலுள்ள பெரிய ஈரநிலத்தோடு சேர்த்துத் திட்டமிட்டு, சிறியதை முழுவதுமாகப் புகலிடமாக்கலாம்.

எடுத்த முடிவு பலன் தருகிறதா என்பதை நாள் இறுதிக் கணக்கு அட்டைகளில் எழுதப்படும் வாத்து எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. வானிலையும் வடக்கே நீர் உறையும் தேதியும் அந்த எண்ணை ஆண்டுக்கு ஆண்டு ஆட்டிவைக்கும். அதைவிட எளிமையான அளவுகோல் ஒன்று இருக்கிறது. புகலிட எல்லையில் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்ததிலிருந்து ஒரு மணி நேரம் நின்று, முதல் கூட்டம் எத்தனை மணிக்குத் திறந்த பகுதியை நோக்கிப் புறப்படுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். நவம்பரில் சூரியன் மறைந்த பத்தாம் நிமிடத்தில் புறப்பட்ட வாத்துகள், டிசம்பர் முழுவதும் அதே நேரத்தில் புறப்பட்டால் திறந்த பகுதியை அவை இன்னும் கைவிடவில்லை. புறப்பாடு வாரத்துக்கு வாரம் பின்தள்ளிப்போய், கடைசியில் முழு இருளில் சிறகுச் சத்தம் மட்டும் கேட்குமானால், திறந்த பகுதியில் அழுத்தம் இன்னும் மிகுதியாகவே இருக்கிறது. அடுத்த பருவத்தின் விதிகளை எழுதுவதற்கு முன் அந்தக் குறிப்பேட்டைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.